பெட்டிக்கு இலை போட்ட கல்யாணம்

காஜா பெராங்,
மலாக்கா.
7-2-1958, வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி தம்பி கருணாகரனுக்கு அக்காள் பாக்கியலட்சுமி அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது.

இவ்விடம் நலம் என்று எழுதுவதுதான் முறை. நலம் என்று எழுதினால் பொய்யாகும். நலமில்லை என்று எழுதினால் நீ உடனே தைலம் வாங்கி அனுப்புவாய். ஆகையால் அந்த வரியை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன். நீயும் ருக்மணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாய். முன்பக்கத்தில் இருந்த மாணவனின் விடைகளையும் படித்தேன். நீ அவனுக்குப் போட்ட நாற்பத்திரண்டு மதிப்பெண் அதிகம்.

"தைப்பிங்குக்கு வந்து எங்களோடு இருந்துவிடு அக்கா, இந்த வயதில் உனக்கு அங்கே என்ன வேலை" என்று கேட்டிருந்தாய். போன மாதம் வரைக்கும் அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இப்போது இல்லை. வருகிறேன். வருகிற வியாழக்கிழமை நீ தம்பின் ஊர் ரயில் ஸ்டேஷனில் இறங்கி, வாடகைக் கார் பிடித்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. பத்து மணி என்றால் பத்து மணி. என் புருஷன் முப்பது வருஷம் பாடுபட்டு நிலைநிறுத்திய கடையை நான் ஒரே வாக்கியத்தில் கெடுத்துவிட்டேன். எப்படி என்பதை நீ மற்றவர்கள் வாயால் கேட்பதற்கு முன் என் கையெழுத்தில் படித்துவிடுவது நல்லது.

ஜாலான் பெண்டஹாராவில் நம் ஜவுளிக்கடையை என் கொழுந்தன் ராஜரத்தினம் நடத்துவது உனக்குத் தெரியும். சுதந்திரம் வந்த கையோடு அவனுக்கும் எதையாவது புதிதாகச் செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது. நாடே புதிதாகும்போது கடை மட்டும் பழையதாக இருக்கலாமா என்று கேட்டு, முன்சுவரை இடித்துக் கண்ணாடி போட்டான். கண்ணாடிக்குப் பின்னால், சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த ஒரு பிளாஸ்டர் பொம்மைக்குக் கூறைப்புடவை கட்டி நிறுத்தினான். பொம்மை வெள்ளைக்காரி. மூக்குக் குத்த முடியாததால் மூக்குத்தியைப் பசை போட்டு ஒட்டினான். வெயில் ஏற ஏற அது இறங்கி மத்தியானம் உதட்டுக்கு வந்துவிடும். சனங்கள் வந்தார்கள். கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் நின்று கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள். ராஜரத்தினம் ஒரு சனிக்கிழமை முழுவதும் எதிர்ச்சாரிக் காப்பிக்கடையில் உட்கார்ந்து எண்ணினான். நின்று பார்த்தவர்கள் நூற்று நாற்பது பேர். உள்ளே வந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

காரணம் எனக்குத் தெரியும், ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. நம் சனங்கள் கடைக்குள் காலை வைத்துவிட்டால், விற்பனைக்கு நிற்பவன் நாற்பது புடவையை விரித்துப் போடுவான், காப்பி வரும், நாற்பதையும் விரித்த பிறகு ஒன்றும் வாங்காமல் எழுந்து போக அவர்களுக்கு முகம் வராது. அதனால் வாங்குவது என்று வீட்டிலேயே முடிவு செய்தால் ஒழிய வாசற்படி ஏற மாட்டார்கள். வெளியில் நின்றபடியே ஒரு வார்த்தை கேட்க ஆள் இருந்தால் கேட்பார்கள். நான் இதைச் சொல்லாமல் இருந்த இடைவெளியில் மருதமுத்து சொல்லிவிட்டான். மருதமுத்து பக்கத்துச் சந்தில் ரேடியோ பழுது பார்ப்பவன். ஒரு ரேடியோவைப் பிரித்தால் மூன்று ரேடியோ செய்வான், மூன்றும் பாடாது.

"அண்ணே, கண்ணாடி ஊமைண்ணே. நிக்கிறவங்ககிட்ட நாமதான் முதல்ல பேசணும். ஒரு பெட்டி வெளியில, ஒரு பெட்டி உள்ள. நடுவுல ஒயரு. உள்ள இருக்கிறவங்க பேசினா வெளிய கேக்கும், வெளிய இருக்கிறவங்க பேசினா உள்ள கேக்கும். மூஞ்சியே தெரியாது. மூஞ்சி தெரியாட்டி நம்மாளுங்க மனசு விட்டுப் பேசுவாங்க."

"பேசினா?"

"பேசினா உள்ள வருவாங்க. வந்தா வாங்குவாங்க. பேசாம போறவன் போனவன்தாண்ணே."

இப்படியாகத் தீபாவளிக்கு முன் கண்ணாடிக்கு அருகில் ஒரு பலகைப்பெட்டி ஏறியது. முகப்பில் பழுப்புத் துணி. முதல் நாள் ராஜரத்தினமே உள்ளே உட்கார்ந்து பேசினான். அவன் குரல் உனக்குத் தெரியும். பஸ் கண்டக்டருக்கு இருக்க வேண்டிய குரல். ஒரு பெரனாக்கான் சீன அம்மாள் காய்கறிப் பாசாரிலிருந்து திரும்பும்போது நின்று பொம்மையைப் பார்த்தாள். இவன் பெட்டி வழியாக "என்ன வேணும்" என்றான். அந்த அம்மாளின் கூடையில் இரண்டு டஜன் முட்டை இருந்தது என்பது அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் தெரிய வந்தது. மறுநாள் விற்பனையாள் நடராஜனை உட்கார வைத்தார்கள். நடராஜன் கூச்ச சுபாவி. பெண்கள் முகம் தெரியாவிட்டால் பேசுவான் என்று எண்ணினார்கள். முகம் தெரியாத பெண்களிடமும் அவனால் பேச முடியவில்லை. பொத்தானை அமுக்கிவிட்டு மூச்சு மட்டும் விட்டான். ஜாலான் பெண்டஹாராவில் ஒரு பெட்டி நாள் முழுவதும் பெருமூச்சு விடுகிறது என்று புகார் போய், ஒரு போலீஸ்காரர் வந்து பெட்டியிடம் பெயர் கேட்டார். அதற்கும் மூச்சுதான் பதில்.

அப்போதுதான் ராஜரத்தினம் என்னிடம் வந்தான். தம்பி, இந்த இடத்தில் நான் ஒன்றை எழுதியாக வேண்டும், இதுவரை எழுதியதில்லை. உன் அத்தான் காலமாகி ஒன்பது வருஷம். இந்த ஒன்பது வருஷமும் நான் கடைக்குப் பின்சந்து வழியாகத்தான் போகிறேன். பின்னறையில் உட்கார்ந்து, வந்திறங்கும் ஒவ்வொரு புடவையையும் விரித்துப் பார்த்து, இழை விட்டது, சாயம் கசிந்தது, ஜரிகை பல்லிளித்தது எல்லாவற்றையும் பிரித்து வைப்பேன். என் கண்ணுக்குத் தப்பிய பழுது இந்த ஊரில் எவள் இடுப்பிலும் இல்லை. ஆனால் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் ஒரு கைம்பெண் முகத்தில் விழிக்கக் கூடாது. ராஜரத்தினம் அதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. கல்யாணக் கூட்டம் உள்ளே வந்தால் இரண்டு தடவை இருமுவான், நான் திரைக்கு இந்தப் பக்கமே இருந்துகொள்வேன். நான் வளர்த்த பிள்ளை. என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டு இருமுகிறான். அது எனக்குப் புரிந்தது. பிடித்திருந்தது என்று மட்டும் எண்ணாதே.

அப்படி வந்த ராஜரத்தினம் ஓர் இளநீரை என் முன்னால் வைத்துவிட்டு நின்றான்.

"அண்ணி, உங்களுக்கு இங்கிலீஷ் வரும், மலாய் வரும், தமிழ் வரும். குரலும் கணீர்னு இருக்கு."

"விஷயத்துக்கு வா."

"குரலுக்குச் சகுனம் உண்டா அண்ணி? குரலைக் கண்ணால பாக்க முடியாதில்ல?"

"அதை என்னிடம் ஏன் கேட்கிறாய்? புரோகிதரிடம் கேள்."

கேட்டான். புரோகிதர் இரண்டு நாள் தவணை வாங்கிக்கொண்டு சுவடி பார்த்தார். காதால் கேட்கும் அபசகுனங்களில் பல்லி, ஆந்தை, கழுதை ஆகியவை பற்றித்தான் எழுதியிருக்கிறது, அண்ணியார் அந்தப் பட்டியலில் வரவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஆந்தைக்கும் கழுதைக்கும் மேலே எனக்கு ஓர் இடம் கிடைத்தது. மறுநாள் திரைக்குப் பின்னால், வலது கைப் பக்கம் பொத்தானும், தெருவைக் காட்டும் ஒரு சாய்வுக் கண்ணாடியுமாக என் நாற்காலி போடப்பட்டது.

மருதமுத்து ஒரு தாளில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். யார் நின்றாலும் பத்து எண்ணுவதற்குள் பேச வேண்டும். பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிப் பேச வேண்டும். எதற்கும் இல்லை என்று சொல்லக் கூடாது. நான் மூன்றையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு என் விதியை எழுதினேன்: வணக்கம் சொல்லாதவருக்குப் பதில் கிடையாது. கான்வென்டில் எங்களுக்கு ஒழுக்கப் பாடம் எடுத்த சிஸ்டர், மரியாதை என்பது எதிரே ஆள் இல்லாதபோதும் செய்வது என்பார். அந்தப் பாடத்தை நான் பெட்டி வழியாக மலாக்காவுக்கு எடுத்தேன். ஒரு வாரத்தில் அஞ்சடியில் வருகிறவர்கள் தொப்பியை எடுத்துவிட்டுப் பெட்டிக்கு வணக்கம் சொல்லப் பழகினார்கள். செட்டி கிராமத்து அம்மாள் ஒருத்தி, நம் கோயில்களுக்கே வருகிறவள், ஆனால் தமிழ் வராது, "கோத்தாக் இனி பொலே சகாப்கா?" என்று மலாயில் கேட்டாள், இந்தப் பெட்டி பேசுமா என்று. பேசும், ஆனால் நீங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தால்தான் பேசும் என்று அதே மலாயில் சொன்னேன். துப்பிவிட்டு வந்தாள். அரை மணி நேரம் பேசினோம். புடவையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதுதான் சிக்கல். பேசினார்கள், தம்பி, எல்லோரும் பேசினார்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். இங்கிலீஷில் வந்த பாரத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டி, எந்த இடத்தில் கையெழுத்து என்று கேட்டார்கள். செமாபோக்கிலிருந்து ஒருவர் தினமும் மூன்று மணிக்கு வந்து மருமகளைப் பற்றி முறையிட்டார். நான் மருமகள் பக்கம் பேசியதால் மறுநாள் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "சொல்லுங்க, இவ முன்னாடி சொல்லுங்க பாப்போம்" என்றார். சொன்னேன். கள் குடித்துவிட்டு வந்த ஒருவன் பெட்டிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டான். கேட்பதற்கு முன் சட்டைப் பொத்தானைப் போடு என்றேன். போட்டான். மறுநாள் முகச்சவரம் செய்துகொண்டு வந்து மன்னிப்புக் கேட்டான். அஞ்சடியில் வரிசை நின்றது. உள்ளே வந்தவர்கள் அதே ஆறு பேர்.

ராஜரத்தினம் திரைக்குப் பின்னால் வந்து கையைப் பிசைந்தான். "அண்ணி, கொஞ்சம் நம்ம சரக்கைப் பத்தியும் பேசுங்களேன்."

பேசினேன். எனக்கு ஒன்றைப் பற்றிப் பேசத் தெரிந்தால் உண்மையைத்தான் பேசத் தெரியும். ஒரு தாயார் கண்ணாடியில் இருந்த மஞ்சள் பட்டைக் காட்டிக் கேட்டாள். வேண்டாம், உன் மகள் அந்த மஞ்சளைக் கட்டினால் மணவறையில் அவளைத் தேட வேண்டியிருக்கும் என்றேன். அந்தப் பச்சை, இரண்டாவது துவைப்புக்குப் பின் பச்சையாக இருக்காது என்றேன். நீங்கள் கேட்கும் சின்னக்கட்டம் எங்களிடம் இல்லை, எதிர்ச்சாரியில் மூன்றாவது கடையில் இருக்கிறது, அவன் சொல்லும் விலையை நம்பாதீர்கள் என்றேன். ராஜரத்தினம் திரைத்துணியைக் கடித்துக்கொண்டு நின்றான். ஆனால் எதிர்ச்சாரிக்குப் போனவர்கள் அந்தக் கடையில் புடவையை விரிக்கச் சொல்லிவிட்டு, "கொஞ்சம் இருங்க, பெட்டியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறோம்" என்று தெருவைக் கடந்து வர ஆரம்பித்தார்கள். கார்த்திகை பிறந்தபோது உள்ளே வருகிறவர்களுக்கு நாற்காலி போதவில்லை. அவர்களுக்கு நான் பெட்டியம்மா. பெட்டியம்மா தேர்ந்து சொன்ன புடவை என்றால் சம்பந்தி வீட்டார் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஒரு மணப்பெண் கூறைப்புடவையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பெட்டி முன்னால் நின்று, "அம்மா, உங்க வாயால நல்லா இருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். சொன்னேன். நல்லா இரு மகளே என்றேன். பிள்ளையில்லாத என்னை மூன்று மொழியில் யார் யாரோ என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள், இதை யாரும் கேட்டதில்லை. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமான வாரமே அவள் புருஷனுக்கு அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறுகிறார்கள், நாற்காலிகள் காலியாகின்றன, பரீட்சை தேறியவன் உட்காருகிறான். இதில் பெட்டிக்கு என்ன பங்கு? சனங்கள் அப்படிப் பார்க்கவில்லை. அதற்குப் பின் எந்தக் கல்யாணக் கூட்டமும் பெட்டி வாழ்த்தாமல் புடவையை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. சுமங்கலிக்கு வைப்பதுபோல் பெட்டிக்குக் கீழே தாம்பூலம், மஞ்சள், குங்குமம், மல்லிகைச்சரம் வைத்தார்கள். என்னால் சூடவும் முடியாது, எறியவும் மனமில்லை. நடராஜன் தினமும் சாயங்காலம் கூடையில் சுமந்துபோய் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையாருக்குச் சாத்தினான்.

நான் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, சந்திரமதி என்கிற செமாபோக் அம்மாள், மகள் மல்லிகாவுக்குப் புடவை பார்க்க வந்தவள், "உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காருங்க அம்மா?" என்று மரியாதைக்குக் கேட்டாள். அமைதியாக இருக்கிறார் என்றேன். அது உண்மை.

பெட்டியம்மா யார் என்று ஊரில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். கடை முதலாளியின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்று ராஜரத்தினத்தின் மனைவி அன்னபூரணியைக் கோயிலில் சூழ்ந்துகொண்டார்கள். அன்னபூரணிக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அவள் குரல் நனைந்த தீப்பெட்டியை உரசுவதுபோல் இருக்கும். முதல் வார்த்தையிலேயே எல்லோரும் திகைத்துவிட்டார்கள். இவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டினாள். அன்று முதல் மூன்று வாரம் அவள் வீட்டை விட்டு வெளியே வந்தால் பேசவில்லை. ராஜரத்தினத்துக்கு இந்தப் பெட்டியால் கிடைத்த நிகர லாபம் அது என்று மருதமுத்து சொன்னான்.

தை பிறந்ததும் சந்திரமதி தாம்பாளத்தில் பழம் வெற்றிலை பத்திரிகையுடன் கடைக்குள் வந்தாள். மல்லிகாவுக்கு முதல் நலங்கு பெட்டியம்மா கையால்தான், தாலியைத் தொட்டு முதல் வாழ்த்தும் அவர்தான், நேரில் பார்த்து அழைக்க வேண்டும், எங்கே அவர் என்றாள். ராஜரத்தினம் இரண்டு தடவை இருமினான். பிறகு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அவர் யார் கண்ணிலும் படுவதில்லை என்று ஒரு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார் என்று சொன்னான். அவன் சொன்ன முதல் பொய் அது. நான் திரைக்குப் பின்னால் இருந்தேன், பொத்தானை அமுக்கி மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அதை என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

சந்திரமதி கொஞ்சமும் அசரவில்லை. "நேர்த்திக்கடனைக் கெடுக்க வேண்டாங்க. அப்ப பெட்டியை அனுப்பி வைங்க."

"பெட்டியையா?"

"ஆமாங்க. பெட்டி வந்தா அவங்க வந்த மாதிரிதானே. மணவறை பக்கத்துல நாற்காலி போடுறேன்."

இப்படியாகத்தான், கருணாகரா, கான்வென்டில் ஏழாம் வகுப்பு வரை முதலாவதாகத் தேறிய உன் அக்காள், போன ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன், பாத்திர லாரியில், இரண்டு சாம்பார் அண்டாவுக்கு நடுவில் உட்கார்ந்து செமாபோக்குக்குப் போனாள். ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்பாய். ஒன்பது வருஷமாக ஒரு தாலி கட்டும் மேளத்தை நான் பக்கத்தில் இருந்து கேட்டதில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி என்னைக் கேட்காதே.

ராஜரத்தினமும் மருதமுத்துவும் என்னை யார் கண்ணிலும் படாமல் சந்திரமதி வீட்டுச் சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். மருதமுத்து அங்கிருந்து கொல்லை வழியாகப் பந்தலுக்கு ஒயர் இழுத்தான். கதவு இடுக்கில் எனக்கு எல்லாம் தெரிந்தது. வெளிப்பெட்டியை மணவறைக்கு வலப்பக்கம் பட்டுத்துணி விரித்த நாற்காலியில் வைத்திருந்தார்கள். பெட்டிக்குச் சந்தனம் பூசியிருந்தார்கள். குங்குமம் வைத்திருந்தார்கள். நாலு முழம் மல்லிகை சுற்றியிருந்தார்கள். நலங்குக்குச் சுமங்கலிகள் வரிசையில் பெட்டி முதலாவது. மல்லிகா பெட்டிக்கு முன் கன்னத்தைக் காட்டினாள், நடராஜன் பெட்டி சார்பில் மஞ்சள் பூசப் போய், கூச்சத்தில் மாப்பிள்ளைத் தோழன் மேல் பூசிவிட்டான். அதற்கும் முன்னால், காலைப் பலகாரத்தின்போது, பெட்டிக்கு இலை போட்டார்கள். இட்லி மூன்று, கேசரி, வடை. பரிமாறியவன் பெட்டியிடம் "இன்னொரு வடை வைக்கவாங்க?" என்று கேட்டான். நான் பொத்தானை அமுக்கிப் போதும் என்றேன். போதும் என்ற பிறகும் வைத்தான். மூட்டைக்குப் பின்னால் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

முகூர்த்தம் ஒன்பது மணி முதல் பத்து வரை. ஒன்பதே முக்காலுக்குத் தாலித் தட்டு பெட்டியின் முன் வந்தது. அந்தச் சமயம் பார்த்து, விருந்தாளிகளுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டு வந்த பெண் பெட்டியையும் விருந்தாளியாக மதித்துத் தாராளமாகத் தெளித்தாள். பெட்டி ஒரு தடவை படபடத்தது. ஒரு புகை வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. நான் பொத்தானை அமுக்கினேன். அமுக்கி அமுக்கி விரல் வலித்தது. நான் நல்லா இரு மகளே என்று சொல்வது அரிசி மூட்டைகளுக்கு மட்டும் கேட்டது.

பந்தலில் மேளம் நின்றது. மாப்பிள்ளை தாலியை எடுத்துவிட்டான். மல்லிகா தலை குனியவில்லை. "பெட்டியம்மா இன்னும் சொல்லல" என்றாள். மாப்பிள்ளை கையில் தாலியோடு அந்தரத்தில் நின்றான். புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார். ராஜரத்தினம் கொல்லை வழியாக ஓடி வந்து கதவிடுக்கில் வாயை வைத்தான்.

"அண்ணி, சுவத்தோட ஒட்டிக்கிட்டுச் சத்தமாக் கத்துங்க. பெட்டின்னு நினைச்சுக்குவாங்க."

"நான் கத்த மாட்டேன்."

"அண்ணி, பத்து நிமிஷம்தான் இருக்கு."

"என் வாழ்நாளில் நான் கத்தியதில்லை. உன் அண்ணன் செத்தபோதும் கத்தவில்லை."

"அப்ப என்ன செய்யிறது?"

ஒரு கல்யாணம் என் காரணமாகத் தாமதமாகிறது, எனக்குத் தாமதம் பிடிக்காது. அவ்வளவுதான் அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது. கதவைத் திறந்தேன். சேலையில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டேன். வெள்ளைச் சேலையுடன், வெறும் நெற்றியுடன், கொல்லை வழியாகப் பந்தலுக்குள் நுழைந்து, நடுவில் இருந்த ஜமுக்காளத்தில் நடந்து, மணவறை முன் போய் நின்றேன். நானூறு பேர் இருப்பார்கள். ஒரு விசிறிகூட அசையவில்லை. தாலியைத் தொட்டேன். "நல்லா இரு மகளே. தலையைக் குனி" என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், குனிந்தாள். மேளம் கொட்டியது. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. திரும்பி, வாசல் வழியாகவே வெளியேறி, ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவை நிறுத்தி வீடு வந்து சேர்ந்தேன்.

இன்றைக்கு ஐந்து நாள். ராஜரத்தினம் வரவில்லை. அன்னபூரணி வரவில்லை. புடவைகளை விரித்துப் பார்க்கக் கடையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. செமாபோக்கிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. கல்யாண ஜவுளி விற்கும் கடையின் வாழ்த்து ஒன்பது வருஷமாகக் கைம்பெண்ணாக இருப்பவளின் வாழ்த்து என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. இனி அந்த வாசற்படியை எந்த மணப்பெண் மிதிப்பாள்? ராஜரத்தினம் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அவன் இருமக்கூட வேண்டியதில்லை, நானே போய்விடுகிறேன். டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டேன். வியாழக்கிழமை வா. உன் வீட்டில் வெங்காயம் உரிக்கிற வேலை இருந்தால் கொடு, ஒரே அளவாக உரிப்பேன். மற்றவர்களிடம் பேசும் வேலை மட்டும் கொடுக்காதே.

உனக்கும் ருக்மணிக்கும் குழந்தைகளுக்கும் குறைவில்லாத ஆயுளும், ஒழுங்காகத் துவைத்த உடையும், கடன் இல்லாத வீடும் அமைய வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். அந்த மாணவனுக்கு முப்பத்தெட்டுக்கு மேல் போடாதே.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அக்காள்,
பாக்கியலட்சுமி

பின்குறிப்பு, ஞாயிற்றுக்கிழமை எழுதியது: வியாழக்கிழமை வராதே. ஆறு தாள் எழுதியதைக் கிழிக்க மனமில்லாததால் இதையும் சேர்த்து அனுப்புகிறேன். மேலே உள்ளதைப் படிக்காமல் இதிலிருந்து படித்தாலும் போதும்.

வெள்ளிக்கிழமை வீட்டில் தபால்தலை இல்லை. நேற்றுக் காலை அதை வாங்கக் கிளம்பி வாசலைத் திறந்தால், சந்திரமதி அடுக்குப் பாத்திரத்தோடு நிற்கிறாள். முகம் உர்ரென்று இருந்தது. வெள்ளைச் சேலைக்காகத்தான் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நான் நிமிர்ந்து நின்றேன்.

"ஏங்கம்மா, கல்யாண வீட்டுக்கு வந்துட்டுக் கை நனைக்காம போறதா? சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க? ஆறு நாளா எனக்குச் சோறு இறங்கல. நீங்களா வந்து சமாதானம் சொல்லுவீங்கன்னு பாத்தேன், வரல. சரி, நானே வந்தேன். உக்காருங்க, சாப்பிடுங்க."

"நான் வந்த கோலத்தைப் பார்த்தீர்கள் அல்லவா?"

"எங்கம்மா பாத்தேன்? ஐயரு கடிகாரத்தைப் பாத்தாரு, நான் ஐயரைப் பாத்தேன், என் மக உங்களைப் பாத்தா. சேலையை யாரு பாத்தா. மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தி மட்டும் முணுமுணுத்தா. அப்ப நீ வந்து சொல்லு, மணி ஆகுதுன்னேன். அவளுக்கு வாய் வரல."

சாப்பிட்டேன். வத்தக்குழம்பில் உப்பு ஒரு பங்கு கூடுதல்; சொன்னேன், குறித்துக்கொண்டாள். அவள் போகும்போது வேலிக்கு வெளியே நின்ற ராஜரத்தினத்தைக் கையைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுப் போனாள். ஐந்து நாளாகச் சாயங்காலம் வந்து, வேலிக்கு வெளியே நின்று வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். அரிசி மூட்டைக்குப் பின்னால் தன்னை அடைத்து வைத்தவனை அண்ணி என்ன சொல்வாரோ என்று பயமாம். என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன். இருபது நிமிஷம் ஆயிற்று. அவன் அழுதுவிட்டு, "பெட்டி செத்துப் போச்சு அண்ணி, சனங்க கண்ணாடிக்கு முன்னாடி வந்து பேசாம நிக்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு. நீங்களே வந்து உக்காந்துருங்க" என்றான்.

இன்று காலை கடைக்குப் போனேன். முன்வாசல் வழியாகப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்க்க, கைவைத்த நாற்காலி போட்டிருந்தது. உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது, தங்காக்கிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. அம்மா, மகள், இரண்டு அத்தைகள். வாசற்படியில் என்னைக் கண்டதும் நால்வரும் நின்றுவிட்டார்கள். அத்தைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜரத்தினம் புடவை மடிப்புக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். நான் எழுந்திருக்கவில்லை. வணக்கம் சொல்லாதவர்களிடம் நான் பேசுவதில்லை என்பதால் பேசாமலும் இருந்தேன்.

கடைசியில் அந்த அம்மாள் படியில் நின்றபடியே கையைக் கூப்பினாள். "வணக்கங்க. நீங்கதான் பெட்டியா?"

"ஆமாம்" என்றேன்.

"அப்பாடா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மகளை என் முன்னால் நிறுத்தினாள். "கும்பிட்டுக்கம்மா, பெட்டி."

ஆகவே வர வேண்டாம். வந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வாரம் முன்னதாக எழுது. மாசி முடியும் வரை எனக்கு நேரம் கிடைப்பது கஷ்டம்.